பிளஸ் டூவுக்கு அப்புறம் என்ன படிப்பு: பெற்றோருக்கு யார் சொல்வது, எப்போது சொல்வது?

கணக்கு டீச்சர்

அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர் நான். இந்த இழையை ஆரம்பிக்கக் காரணம், ஒவ்வொரு மே மாதமும் பள்ளியில் பார்க்கும் ஒரு விஷயம். ரிசல்ட் வந்ததும் மார்க் பட்டியல் வாங்க அப்பாவோ அம்மாவோ வருவார்கள். கையில் ஏதோ ஒரு கல்லூரியின் வழவழப்பான நோட்டீஸ் இருக்கும். "அட்வான்ஸ் கட்டிட்டோம் டீச்சர்" என்பார்கள். என்ன கோர்ஸ் என்று கேட்டால் நோட்டீஸைத் திருப்பிப் பார்த்துத்தான் பதில் வரும்.

2022-ல் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே உயர்கல்வி வழிகாட்டல் நடக்கிறது. அவர்களுக்கு ஓரளவு தெரிகிறது. ஆனால் வீட்டில் போய்ச் சொன்னால் எடுபடுவதில்லை. பதினேழு வயதுப் பிள்ளை பேச்சைக் கேட்டு எந்த வீட்டில் லட்சக்கணக்கில் செலவு செய்யத் துணிவார்கள்? அதனால் வழிகாட்டல் முதலில் பெற்றோருக்குத்தான் நடக்க வேண்டும் என்பது என் கட்சி. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரே ஒரு தாள். ஒவ்வொரு படிப்புக்கும் எத்தனை வருடம், எல்லாம் சேர்த்து எவ்வளவு செலவு, எந்தக் கவுன்சலிங் (மார்க் வரிசைப்படி அரசு இடம் ஒதுக்குவது), எப்போது விண்ணப்பம், சரிவரவில்லை என்றால் அங்கிருந்து வேறு எங்கே திரும்பலாம். இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோட்டீஸும் ஏஜென்ட்டும் வருவதெல்லாம், ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் கிடைக்கும் படிப்புகளுக்கு மட்டும்தான். கால்நடை மருத்துவம், மீன்வளம் போன்றவற்றில் இடங்கள் பெரும்பாலும் அரசுப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் இருக்கின்றன. எழும்பூரில் 1850-லிருந்து இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரியைப் பற்றிச் சொல்ல எந்த ஏஜென்ட் வீட்டுக்கு வருவார்? யாருக்கும் லாபம் இல்லாத படிப்பு பெற்றோர் காதுக்குப் போவதே இல்லை. அந்த இடத்தில் பள்ளிதான் பேச வேண்டும்.

சக ஆசிரியர்களில் சிலர் இதை ஏற்கவில்லை. குடும்ப முடிவில் பள்ளி தலையிடக் கூடாது என்கிறார்கள். இங்கே பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

சரக்கு வண்டி

டீச்சர், மரியாதையோடதான் சொல்றேன். பெத்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வச்சுக்கிட்டுப் பேசுறீங்க. நான் லாரி ஓட்டுறேன். ரெண்டு பிள்ளைங்க. பெரியவன் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் மூணாம் வருசம். ஏன் அதுல சேத்தேன்? என் மச்சான் பையன் அதைப் படிச்சு வேலைக்குப் போயிட்டான். மாசம் எவ்வளவு வாங்குறான், எந்த ஊர்ல இருக்கான், எப்படி இன்டர்வியூ போனான்னு எல்லாம் தெரியும். நாளைக்கு என் பையனுக்கு ஒரு சந்தேகம்னா போன் போட்டுக் கேக்க ஆள் இருக்கு.

நீங்க ஒரு தாள் குடுத்து நாப்பது கோர்ஸ் பேரு எழுதுவீங்க. அதுல ஒண்ணைப் படிச்சவன் ஒருத்தனையாவது எங்க சொந்தத்துல, எங்க தெருவுல காட்ட முடியுமா? தெரியாத ரோட்டுல ராத்திரி லோடு ஏத்திக்கிட்டுப் போறது மாதிரி அது. போய்ச் சேருவோம்தான், ஆனா வழியில நின்னா யாரைக் கூப்பிடுறது? படிப்பு முடிஞ்சு பிள்ளை வீட்ல சும்மா உக்காந்தா வகுப்பாசிரியரை யாரும் கேக்க மாட்டாங்க. என்னைத்தான் கேப்பாங்க. பணம் போடுறவனும் நான்தான், பதில் சொல்றவனும் நான்தான். அப்ப முடிவும் என்னோடதா இருக்கறதுல என்ன தப்பு?

மூணாவது செமஸ்டர்

ஐயா, எங்க அப்பாவும் வார்த்தை மாறாம இதையேதான் சொன்னார். அவர் பயத்தை நான் குறை சொல்லலை. ஆனா அந்தப் பயத்தால என்ன ஆச்சுன்னு சொல்றேன்.

எங்க வீட்ல காலேஜ் போற முதல் ஆள் நான். ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளி. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே அப்பா ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல மேனேஜ்மென்ட் கோட்டாவுல, அதாவது காலேஜே நேரடியா குடுக்கற இடத்துல, சீட் போட்டுட்டார். "இப்பவே பிடிச்சு வைக்கலன்னா கிடைக்காது"ன்னு ஒருத்தர் சொன்னாராம். அப்புறம் மார்க் வந்துச்சு. கவுன்சலிங்ல போயிருந்தா அதைவிட நல்ல காலேஜே கிடைச்சிருக்கும். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கவுன்சலிங் வழியா சேர்றவங்களுக்குத்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல இடம் கிடைச்சிருந்தா கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ரெண்டையும் அரசாங்கமே கட்டும். இந்த ரெண்டையும் எங்க அப்பாகிட்ட யாருமே சொல்லலை.

விட்டுட்டு வந்துடலாம்னு போனா, சர்டிபிகேட்டைத் தர மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அசல் சான்றிதழைக் கல்லூரி பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2018-லயே அறிவிச்சிருக்குன்னு எனக்கு முதல் செமஸ்டர் முடிஞ்ச பிறகுதான் தெரியும். அன்னைக்கு அந்த ஆபீஸ் வாசல்ல அப்பா சட்டைப் பையில இருந்த ரசீதை எடுத்து எடுத்துப் பார்த்துட்டு நின்னார். அவ்வளவுதான் செய்ய முடிஞ்சது.

தெரிஞ்ச ரோடுன்னு நீங்க சொல்றீங்க. அந்த ரோட்டுக்கே ரெண்டு வாசல் இருக்கறது அப்பாவுக்குத் தெரியாது. அதைச் சொல்ல ஒரு ஆள் வேணும்னுதான் டீச்சர் சொல்றாங்க.

கணக்கு டீச்சர்

இதைப் படிக்கும் பெற்றோருக்காக இங்கே ஒன்றை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பம் தொடங்குவது இந்தக் கணக்கில்தான். மார்க் பட்டியலில் 600-க்கு எவ்வளவு என்றுதான் வீட்டில் பார்க்கிறார்கள். பொறியியல் கவுன்சலிங் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, மொத்தம் 200. ஒரு பிள்ளை கணிதம் 88, இயற்பியல் 82, வேதியியல் 78 என்றால் 88, 41, 39 சேர்த்துக் கட் ஆஃப் 168. தமிழிலும் ஆங்கிலத்திலும் மார்க் குறைந்து மொத்தம் 450-ஐத் தாண்டாத பிள்ளைக்கும் இந்த 168 வரலாம். 450 என்று கேட்டதும் அப்பா பயந்துபோய் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு ஓடுவார். 168-க்குப் போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு கிடைத்தது என்பது இணையத்தில் இருக்கிறது. பத்து நிமிடம் உட்கார்ந்தால் பார்த்துவிடலாம்.

சிறுபான்மை அல்லாத தனியார் பொறியியல் கல்லூரிகள் 65 சதவீத இடத்தையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடத்தையும் கவுன்சலிங்குக்குக் கொடுக்க வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கவுன்சலிங்கில் வராது. ஒரே சாலையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களாக இருக்கும், ஒன்றில் முதல் பட்டதாரிச் சலுகை உண்டு, அடுத்ததில் இல்லை. வெளியிலிருந்து பார்க்கும் அப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது.

சரக்கு வண்டி ஐயா, முடிவு உங்களுடையதல்ல என்று நான் சொல்லவில்லை. முடிவு எடுக்கும்போது இவ்வளவும் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்கிறேன்.

பட்டறைக்காரன்

கோயமுத்தூர்ல சின்னதா லேத், சிஎன்சி வச்சு ஓட்டறேனுங்க. ரெண்டு பக்கமும் படிச்சேன். எல்லாரும் இன்ஜினியரிங்குக்குள்ளயே சுத்தறீங்க. என்கிட்ட வேலை கேட்டு வர்ற பி.இ. பசங்களுக்கு அளவெடுக்கற வெர்னியர் கருவியைப் பிடிக்கத் தெரியறதில்லைங்க. டிப்ளமோ முடிச்ச பையன் வந்த மொத வாரமே டிராயிங்கைப் பாத்து ஜாப் செட் பண்றான்.

டீச்சரம்மா, உங்க தாள்ல பாலிடெக்னிக் இருக்குதுங்களா? பிளஸ் டூவுல கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எடுத்த பசங்களும், தொழிற்பிரிவு எடுத்த பசங்களும் டிப்ளமோவுல நேரா ரெண்டாம் வருசம் சேரலாம். ரெண்டே வருசத்துல முடிஞ்சுரும். அப்பறம் வேணும்னா பி.இ. நேரா ரெண்டாம் வருசம். கணக்குப் போட்டுப் பாருங்க, சுத்தி வந்தாலும் அஞ்சு வருசத்துல கையில டிப்ளமோவும் இருக்கும், டிகிரியும் இருக்கும். நடுவுல குடும்பத்துல பணப் பிரச்சனைன்னா டிப்ளமோவோட நின்னு வேலைக்குப் போயிக்கலாம். நாலு வருச பி.இ.யில ரெண்டாம் வருசம் நின்னா கையில ஒண்ணும் இருக்காது. இதை எந்த அப்பனுக்குச் சொன்னாலும் புரியுமுங்க.

இன்னொரு விசயம் மனசுல ரொம்ப நாளா இருக்குது. ஐடிஐயைக் கேவலமாப் பாக்கப் பெத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே ஸ்கூலுதானுங்க. படிக்காத பையனைப் பாத்து "நீ ஐடிஐக்குத்தான் லாயக்கு"ன்னு வகுப்புல வச்சுச் சொன்னா, அவன் அப்பன் நாளைக்கு அந்த வாசல் பக்கம் போவானுங்களா?

முதல் பட்டதாரி

பட்டறைக்காரன் சொல்வதில் தகவல் சரிதான். ஆனால் அதை யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். இந்தப் பேச்சை நான் என் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். "எல்லாரும் டிகிரி படிச்சா எப்படி, கைத்தொழில் கத்துக்கிட்டா பிழைச்சுக்கலாம்" என்று எங்கள் தெருவுக்கு வந்து சொன்னவர்கள் யாரும் தங்கள் பிள்ளையை ஐடிஐயில் சேர்க்கவில்லை. அவர்கள் பிள்ளைகள் டாக்டர், வக்கீல். கைத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்த வீட்டுக்குத்தான் அந்த அறிவுரை வரும்.

என் அப்பா படித்தது மூன்றாம் வகுப்பு. என்னை எந்தக் கோர்ஸ் படிக்கிறாய் என்று அவர் கேட்டதே இல்லை. "பேருக்குப் பின்னாடி போடுற மாதிரி ஒண்ணு படி" என்றார். பி.ஏ. வரலாறு படித்தேன், அரசுக் கல்லூரி. இன்று அரசு அலுவலகத்தில் இருக்கிறேன். அரசுப் பணித் தேர்வுகளில் குரூப் 4 எழுதப் பத்தாம் வகுப்பு போதும், குரூப் 2 எழுதப் பட்டம் வேண்டும். அந்த ஒரு பட்டத்தால்தான் நான் இருக்கும் நாற்காலிக்கு வர முடிந்தது. பட்டம் வேலைக்கு உதவாது என்று எளிதாகச் சொல்கிறார்கள். ஒரு அலுவலகத்துக்குள் போய் உட்காருங்கள் என்று சொல்லப்படுவதற்கே பட்டம் தேவைப்படும் மனிதர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

டீச்சருக்கும் என் கேள்வி இதுதான். நீங்கள் கொடுக்கும் தாளில் ஐடிஐ, டிப்ளமோ என்று இருந்தால், மார்க் குறைந்த பிள்ளையின் பெற்றோர், அதிலும் எங்களைப் போன்ற வீட்டுப் பெற்றோர், "டீச்சரே சொல்லிட்டாங்க" என்று அங்கேயே நின்றுவிடுவார்கள். உங்கள் வார்த்தைக்கு அவ்வளவு எடை. அது உங்களுக்குத் தெரியுமா?

கணக்கு டீச்சர்

தெரியும். அதனால்தான் ஒரு பிள்ளைக்கு ஒரு படிப்பு என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்கிறேன். எல்லாருக்கும் ஒரே தாள். 560 எடுக்கும் பிள்ளையின் அப்பாவுக்கும் அதில் டிப்ளமோ இருக்கும், 310 எடுக்கும் பிள்ளையின் அம்மாவுக்கும் அதில் சட்டம், கலை அறிவியல், மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எல்லாம் இருக்கும். தாளைப் பிரித்துக் கொடுத்தால் நீங்கள் சொல்வது நடக்கும்.

பட்டறைக்காரன்

முதல் பட்டதாரி சார், உங்க கோவம் நியாயமானது. ஆனா நான் யாரையும் நில்லுன்னு சொல்லலைங்க. ஐடிஐ முடிச்ச பையனுக்கும் டிப்ளமோ ரெண்டாம் வருசத்துக்கு வழி இருக்குது. அங்கிருந்து பி.இ. ரெண்டாம் வருசம். என்கிட்ட ஐடிஐ ஃபிட்டரா வந்த பையன் ஒருத்தன், இன்னைக்கு பி.இ. முடிச்சு ஒரு கம்பெனியில டிசைன்ல இருக்கான். ஏணி இருக்குதுன்னு தெரியாமத்தான் மத்தவங்க மொதல் படியிலயே உக்காந்துக்கறாங்க. என் மகளும் டிப்ளமோதான் படிக்குதுங்க, மெக்கட்ரானிக்ஸ். சொன்னா நம்புங்க.

முதல் பட்டதாரி

உங்கள் மகள் படிப்பது எனக்கு மகிழ்ச்சி. உங்களுக்குப் பட்டறை இருக்கிறது, நாளைக்கு அவளுக்கு அது இருக்கும். என் தெருப் பையனுக்கு டிப்ளமோ மட்டும்தான் இருக்கும். இந்த வித்தியாசத்தையும் அந்தத் தாளில் எழுத முடிந்தால் நான் எதிர்க்க மாட்டேன்.

காமர்ஸ் அம்மா

என் பையன் வணிகவியல் பிரிவு. இந்த இழையில் அவனுக்கு எதுவுமே இல்லையா? பி.காம். படித்தால் போதுமா, சி.ஏ. என்றால் பணக்காரர்களுக்கு மட்டும்தானா?

கணக்கு டீச்சர்

இல்லை அம்மா, செலவில் சி.ஏ. பல பட்டப்படிப்புகளைவிடக் குறைவு. கஷ்டம் தேர்ச்சியில்தான் இருக்கிறது. பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன் தேர்வு: நான்கு தாள், ஒவ்வொன்றிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம். பிறகு இன்டர்மீடியட், அதன்பின் ஆடிட்டர் ஒருவரிடம் பயிற்சி. 2023-லிருந்து அந்தப் பயிற்சி இரண்டு வருடம்தான், சிறு தொகை உதவித்தொகையும் உண்டு. கூடவே பி.காம். சேர்த்துவிடுங்கள். சி.ஏ. தள்ளிப்போனாலும் பட்டம் கையில் இருக்கும்.

சரக்கு வண்டி

எல்லாம் சரி. பணம் பத்தி யாரும் பேச மாட்டேங்கறீங்க. பெரியவனுக்கே கடன் வாங்கித்தான் கட்டிக்கிட்டு இருக்கேன், கந்து வட்டி. சின்னவ பிளஸ் டூ. பேங்க் லோன்னு சொல்லுவாங்க, போனா நிலத்துப் பத்திரம் கேப்பாங்க. என்கிட்ட நிலம் கிடையாது.

கடன் பிரிவு

பொதுத்துறை வங்கி ஒன்றில் கல்விக் கடன் பார்த்து ஓய்வு பெற்றவன். இதற்குப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

7.5 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் தேவையில்லை. கடன் மாணவர் பெயரில் இருக்கும், பெற்றோர் ஒருவர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். விண்ணப்பத்தை வித்யாலட்சுமி இணையதளத்தில் போடுங்கள். அங்கே போட்டால் பதிவு இருக்கும், நிராகரித்தால் காரணம் எழுத வேண்டும். மேலாளரின் மேசைக்கு முன்னால் நின்று வாயால் கேட்டால் வாயாலேயே இல்லை என்று அனுப்பிவிட முடியும்.

ஆனால் பெற்றோருக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறு. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம் என்பதைக் கேட்டதும், அதுவரை வட்டி இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். ஒரு கணக்குப் பாருங்கள். வருடம் 1.25 லட்சம் வீதம் நான்கு வருடத்துக்கு 5 லட்சம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் வாங்கியதற்கு ஐந்து வருட வட்டி, அடுத்ததற்கு நான்கு, மூன்று, இரண்டு. தவணை ஆரம்பிக்கும் நாளில் வட்டி மட்டும் 1.75 லட்சம் சேர்ந்திருக்கும். ஆக 6.75 லட்சம். பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 8,900 ரூபாய். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளையின் சம்பளத்தில் அது எத்தனை பங்கு என்று சேர்க்கும் முன்பே யோசியுங்கள். படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் மாதா மாதம் கட்டிவந்தால் அந்த 1.75 லட்சம் சேராது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதியுள்ள படிப்புகளுக்கு அந்தக் காலத்துக்கான வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டமும் உண்டு. வருமானச் சான்றிதழ் இல்லாமல் அதைக் கேட்க முடியாது, அதனால் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

கந்து வட்டிக்கு வாங்கியதைக் கேட்டு மனம் கஷ்டமாக இருக்கிறது. உங்கள் மகனுக்கு மீதமுள்ள வருடங்களுக்கும் வங்கியில் விண்ணப்பிக்கலாம். அதற்கு வயதோ வருடமோ கடந்துவிடவில்லை.

சரக்கு வண்டி

ரொம்ப நன்றிங்க சார். இதை ரெண்டு வருசம் முன்னாடி யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். திங்கக்கிழமை போறேன்.

இப்ப என் சின்னவ விசயத்தையே கேட்டுடறேன். பயாலஜி, மேத்ஸ் குரூப்பு. பள்ளிக்கூடத்துல யாரோ வந்து பேசினாங்களாம், மீன்வளம் படிக்கப் போறேன்னு நிக்கறா. நாங்க கடல் பக்கம் ஆளுங்களே இல்லை. மீனைப் பத்தி நாலு வருசம் படிச்சு என்ன வேலைக்குப் போறதுன்னு கேட்டா அவளுக்குச் சொல்லத் தெரியலை. நானும் வேண்டாம்னுட்டேன்.

கணக்கு டீச்சர்

அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாததால் அந்தப் படிப்பில் வேலை இல்லை என்று ஆகிவிடாது, ஐயா. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தூத்துக்குடியில் 1977-லிருந்து மீன்வளக் கல்லூரி இருக்கிறது, பொன்னேரியிலும் தலைஞாயிறிலும் உண்டு. நான்கு வருடப் படிப்பு, நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்கை வைத்து இடம். 7.5 சதவீத ஒதுக்கீடு அங்கேயும் உண்டு.

வேலை என்றால், மீன்வளத் துறையில் ஆய்வாளர், உதவி இயக்குநர் பதவிகள். வங்கிகளில் வேளாண் அலுவலர் பதவிக்கு வேளாண் பட்டதாரிகளோடு மீன்வளப் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். இறால் பண்ணை, குஞ்சு பொரிப்பகம், தீவன நிறுவனம், ஏற்றுமதிக்குப் பதப்படுத்தும் ஆலைகளின் தரக் கட்டுப்பாடு என்று தனியாரிலும் வேலை உண்டு. போன் போட்டுக் கேட்க ஆள் வேண்டும் என்றீர்களே, அது சரியான கேள்வி. கல்லூரியையே கூப்பிட்டு, போன வருடம் முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு நாள் மகளோடு போய் இறுதியாண்டு மாணவர்களிடம் பேசுங்கள். உங்கள் மச்சான் மகனிடம் கேட்ட அத்தனை கேள்வியையும் அவர்களிடம் கேளுங்கள்.

முதல் பட்டதாரி

இடம் கிடைக்காவிட்டால்? இருக்கும் இடங்கள் சில நூறுதான். ஆசை காட்டிவிட்டு அந்தப் பிள்ளையை ஜூலை மாதம் நடுத்தெருவில் நிறுத்தக் கூடாது.

கணக்கு டீச்சர்

ஒன்றை மட்டும் நம்பி எந்தப் பிள்ளையும் நிற்கக் கூடாது. அவள் பிரிவுக்குப் பொறியியல், கால்நடை, நர்சிங், மருந்தியல், அரசுக் கலைக் கல்லூரி எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போடலாம். வெவ்வேறு விண்ணப்பம், வெவ்வேறு தேதி. இதனால்தான் காலாண்டிலேயே தொடங்க வேண்டும் என்கிறேன். சாதிச் சான்றிதழ், வருமானம், முதல் பட்டதாரி, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, இவை டிசம்பருக்குள் கையில் இருந்தால் மே மாதம் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

பட்டறைக்காரன்

காலாண்டே லேட்டுங்க டீச்சரம்மா. அந்தப் பொண்ணு பயாலஜி எடுத்திருக்கறதால இன்னைக்கு மீன்வளம் பேச முடியுது. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்திருந்தா இந்தப் பேச்சே இல்லை. காமர்ஸ் எடுத்தா இன்ஜினியரிங் வாசல் மூடிருச்சு. பாதி முடிவு பிளஸ் ஒன்னுல குரூப் எடுக்கற அன்னைக்கே ஆயிப்போச்சு. அப்ப எந்த அப்பனும் பக்கத்துல இருக்கறதில்லை, இல்லைன்னா பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த குரூப்பைக் கேட்டு வாங்கிட்டுப் போயிர்றாங்க. பத்தாவதுல கூப்பிடுங்க.

கணக்கு டீச்சர்

இதை மறுக்க முடியாது. பத்தாம் வகுப்பு அரையாண்டுக்குப் பிறகு ஒரு கூட்டம், பன்னிரண்டாம் வகுப்பு காலாண்டுக்குப் பிறகு இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே எங்கள் தலைமையாசிரியரிடம் கேட்கிறேன்.

சரக்கு வண்டி

எங்க ஊர் பள்ளிக்கூடத்துலயும் இதைக் கேக்கறேன். அந்தத் தாளை இங்க போட்டீங்கன்னா எடுத்துட்டுப் போவேன். மீன்வளக் கல்லூரிக்கு போன் பண்ணிக் கேக்கறேன், அதுக்கு மேல இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன். என் கருத்து இன்னும் மாறலை. கடைசி வார்த்தை பெத்தவங்களோடதுதான்.

ஒரு கோரிக்கை. கூட்டம் போட்டா பணம் பத்திப் பேசும்போது பிள்ளைங்களை வெளிய அனுப்பிருங்க. வீட்டுக் கடன் எவ்வளவுன்னு பிள்ளைக்குத் தெரிஞ்சா அதுக்குப் படிப்புல மனசு நிக்காது.

மூணாவது செமஸ்டர்

ஐயா, அந்த நேரத்துலதான் பிள்ளைங்க உள்ள இருக்கணும். அப்பா எனக்காக எவ்வளவு கட்டினார்னு ரெண்டாவது செமஸ்டர் ஃபீஸ் கட்ட நகையை எடுத்தப்பதான் எனக்குத் தெரிஞ்சது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த காலேஜ் வேண்டாம்னு நானே சொல்லியிருப்பேன். அரசுக் கல்லூரியில பி.எஸ்சி. கணிதம் சேர்ந்து மாசம் ஆயிரம் ரூபாய் புதுமைப் பெண் பணத்தையும் வாங்கிட்டுப் படிச்சிருப்பேன். என்கிட்ட யாரும் கேக்கவே இல்லை. உங்க பெரியவனுக்குக் கந்து வட்டி விசயம் தெரியுமா?

சரக்கு வண்டி

தெரியாதும்மா.

கடன் பிரிவு

திங்கள்கிழமை வங்கிக்குப் போகும்போது அவனையும் கூட்டிப் போக வேண்டியிருக்கும், ஐயா. கடன் அவன் பெயரில்தான் வரும், முதல் கையெழுத்து அவனுடையது. அங்கே படிப்பதற்குக் கல்லூரி தரும் போனஃபைடு சான்றிதழ், மீதமுள்ள வருடங்களுக்கான கட்டண விவரம், இதுவரை எழுதிய தேர்வுகளின் மார்க் பட்டியல், இருவரின் ஆதார், பான் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள்.